சந்தனப் பொட்டு வைத்த விசிறி

உங்கள் அத்தையின் அடையாள அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் ஒருநாள் சிரித்தீர்கள். அந்தப் படம் எப்படி எடுத்தது என்று சின்னவள் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். வாயால் சொல்லப் போனால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து பாதிக் கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் புசல்லாவை பஜாரில் மெயின் ரோட்டு ஓரமாக ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். முன்பாதி எனக்கு, பின்பாதி உங்கள் அம்மாவுக்கு, நடுவில் ஒரு திரைச்சீலை. என் பாதியில் ஒரு பழைய கொம்பியூட்டர், படம் அச்சடிக்கும் சின்ன மெசின், வருகிறவர்கள் உட்கார இரண்டு கதிரை. அம்மாவின் பாதியில் தையல் மெசின். தோட்டத்து ஆட்களுக்கு விண்ணப்பக் கடிதம் அடித்துக் கொடுப்பேன். பிறந்தநாள் அட்டை, மரண அறிவித்தல், பாஸ்போர்ட் படம் எல்லாம் செய்வேன். கொம்பியூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதைப் போடவும் நிறுத்தவும், நடுவில் கொஞ்சம் வேலை வாங்கவும்தான். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாவிட்டாலும் மரியாதை நிறைய இருந்தது. அந்த மரியாதைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. குண்டு விழுந்தது வடக்கிலும் கிழக்கிலும்தான். எங்கள் பக்கத்தில் சண்டை பஸ்ஸை நிறுத்தும் உருவத்தில் வந்தது. இறங்கு, வரிசையில் நில், அடையாள அட்டையைக் காட்டு. அட்டை இருந்தால் ஏறு. இல்லாவிட்டால் அந்தப் பக்கம் நில்.

உங்கள் அத்தைக்கு அட்டை இல்லை. தோட்டத்தில் பிறந்த பலருக்கும் அப்போது இருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் புத்தகத்தில் வேறொரு பெயர், விண்ணப்பித்தால் திருப்பி அனுப்புவார்கள், திருப்பி அனுப்பினால் மறுபடி விண்ணப்பிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அத்தைக்கு அப்போது பத்தொன்பது வயது. கண்டியில் ஒரு புடைவைக் கடையில் வேலை கிடைத்தது. வீட்டில் யாருக்கும் அதற்கு முன்னால் கடை வேலை கிடைத்ததில்லை. மூன்றாம் நாள் போகும்போது பேராதனைக்குக் கிட்ட பஸ்ஸை நிறுத்தி அவளை இறக்கிவிட்டார்கள். தோட்டத்துரையின் கடிதத்தோடு நான் போய்ச் சேரும்வரை, பின்னேரம் வரைக்கும், பொலிஸில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அதட்டவில்லை, தேத்தண்ணிகூடக் கொடுத்தார்கள் என்று சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு கண்டி பஸ் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். கடை முதலாளி நல்ல மனுஷர். மாத முடிவு வரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த நேரத்தில்தான் நடமாடும் சேவை வருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை தோட்டப் பாடசாலைக்கு அதிகாரிகள் வருவார்கள், பெயர்ப் பிழையை அங்கேயே திருத்துவார்கள், விண்ணப்பத்தையும் படத்தையும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே ஒரு கடிதம் கொடுப்பார்கள். அட்டை பிறகு வரும். அது வரும்வரை அந்தக் கடிதத்தைக் காட்டிப் போய்வரலாம். படம் இல்லாவிட்டால் விண்ணப்பம் இல்லை. அடுத்த சேவை எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

நான் கம்பளையில் கலியாணப் படம் எடுக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் கெமரா இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் நாற்பத்து மூன்று பேரைப் படம் பிடித்தேன். லயத்து வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதற்கு முன்னால் ஒவ்வொருவராக நிற்கவைத்தேன். என் தங்கச்சியை, அதாவது உங்கள் அத்தையை, கடைசியாகத்தான் எடுத்தேன். சொந்தக்காரியை முதலில் எடுத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். அவள்தான் நாற்பத்து மூன்றாவது ஆள். படங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றி, கெமராவைத் துடைத்துச் சுத்தமாக்கி, உள்ளே இருந்த படங்களையும் அழித்து, திங்கட்கிழமை காலையிலேயே திருப்பிக் கொடுத்தேன். இரவல் சாமானைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் பழக்கம்.

அன்றைக்கு மத்தியானம் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு முகத்தையும் அளவாக வெட்டி, வெளிச்சத்தைச் சரிசெய்து, அச்சடிக்க வேண்டும். ஒன்பது பேர் முடிந்தார்கள். பத்தாவது ஆள் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் பெரியவர். அவருடைய கன்னத்தில் பச்சையாக ஒரு புள்ளி வந்தது. பிறகு இரண்டு, பிறகு முகம் முழுக்க. அம்மை போட்டதுபோல ஆகிவிட்டார் மனுஷர். அதற்குப் பிறகு மொனிட்டரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்தன. கடைசியில் கறுப்பு.

நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டேன். பெரியவர் அம்மை இறங்கி, சுகமாக வந்தார். இருபது நிமிடம். மறுபடி பச்சை.

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் வைத்தியம் பார்த்தேன். வயர்களைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மொனிட்டரின் தலையில் தட்டினேன். கொம்பியூட்டரை எனக்கு விற்றவர் கண்டியில் திருத்தக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் போனில் கோல் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொம்பியூட்டர் பெட்டி சூடாகிறதா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் உங்கள் அம்மாவும் மத்தியானத்திலேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் பனி மூட்டம், எதிர்க்கடை தெரியவில்லை. புசல்லாவையில் யார் வீட்டிலும் காற்றாடி கிடையாது. இங்கே எதுதான் சூடாகும் நானா என்று சொன்னேன். அவரும் சரி என்றுவிட்டார்.

கோலை வைத்த பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. சூடு இல்லை என்றால் குளிர்தானே? பனி உள்ளே இறங்கியிருக்கும், ஈரம் பிடித்திருக்கும். அப்பளம் நமத்துப்போவது மாதிரி இதுவும் நமத்திருக்கும். உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் தைத்து மிஞ்சிய துணிகளை மடித்துப் பஞ்சு வைத்து, அரை மணித்தியாலத்தில் பெட்டிக்கு அளவாக ஒரு உறை தைத்துவிட்டாள். வயர் வெளியே வர, பின்பக்கம் ஒரு வாய். அழகான உறை, பூப்போட்ட துணி. அதைப் போர்த்தி, கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல பக்கத்தில் ஒரு பல்பையும் எரியவைத்தேன். அப்புறம் கொம்பியூட்டரைப் போட்டேன்.

இருபது நிமிடம் பத்து நிமிடமாகியது. பத்து ஐந்தாகியது. பல்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் கிட்ட நகர்த்தினேன்.

புதன்கிழமை, பிழை மொனிட்டரில்தான் என்று முடிவு கட்டினேன். கோடு அதில்தானே விழுகிறது. அந்தக் காலத்து மொனிட்டர் இப்போது உள்ளதுபோலச் சிலேட்டு மாதிரி இருக்காது. பின்பக்கம் பானை மாதிரி இருக்கும், பாரம் ஒரு மூட்டை அரிசி. அதை மடியில் வைத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். நானாவின் கடையில், திருத்த வந்த வேறொருவருடைய பெட்டியோடு மாட்டிப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் ஓடியது, கண்ணாடி மாதிரி. ஒரு புள்ளி இல்லை.

"தம்பி, காய்ச்சல்ல கிடக்கிற புள்ளய வீட்ல வெச்சிட்டு, அவர்ட தொப்பிய மட்டும் டொக்டர்ட்ட கொண்டு வந்தீக்கிறீங்க" என்றார் நானா.

மறுநாளே பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். தொப்பியோடு திரும்பி வந்தேன். அன்று இரவு பெய்த மழையில் கம்பளைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து, வியாழக்கிழமை பஸ் ஓடவில்லை. தங்கச்சி தோட்டத்திலிருந்து நடந்து கடைக்கு வந்தாள். படம் என்னாச்சு என்று கேட்கவில்லை. உறையைத் தூக்கிப் பார்த்தாள், பல்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சனிக்கிழமைக்குள்ள பொரிச்சிருமா அண்ணே?" என்று கேட்டாள். அம்மா திரைக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. ஆனால் தங்கச்சி போகும்போது வாசலில் நின்று கண்டி ரோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ். மழை விட்டிருந்தது. பெட்டியை அந்தப் பூப்போட்ட உறையோடு தூக்கிக்கொண்டேன். புறப்படும்போது அம்மா தையல் மெசினுக்கு எண்ணெய் முடிந்துவிட்டது என்று சொல்லி, வெறும் போத்தலை என் பையில் போட்டாள். "இதக் காட்டி இதே எண்ணெய வாங்கிட்டு வாங்க. மறந்துட்டு வந்தீங்கன்னா கொம்பியூட்டர் ஓடினாலும் சோறு ஓடாது" என்றாள்.

பேராதனைக்குக் கிட்ட இறக்கினார்கள். எல்லோரும் அட்டையைக் காட்டி ஏறினார்கள். அட்டை இருந்தும் நான் மட்டும் நின்றேன். நீங்களே நினைத்துப் பாருங்கள். அந்த வருடங்களில் ஒரு தமிழ் ஆள், கையில் பஞ்சு உறை போட்ட இரும்புப் பெட்டி, சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர். கொம்பியூட்டர் என்று சொன்னேன். அப்படியென்றால் திற என்றார்கள். பஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஒரு இளம் ஆமிக்காரர் என்னை மணல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, தானும் எதிரில் குந்தினார். துவக்கு அவர் முழங்காலில் இருந்தது. கழற்றும்போது ஸ்குரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. அவரே பொறுக்கிக் கொடுத்தார். பக்கத் தகட்டைக் கழற்றினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

உள்ளே சாமான் ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு இருந்தது, பொட்டின் நடுவில் குங்குமம்.

அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன், இல்லையா? மூன்று வாரத்துக்கு முன்னால் ஆயுத பூசை. எல்லோரும் கொம்பியூட்டருக்கு மேலே பொட்டு வைப்பார்கள். நான் யோசித்தேன், வேலை செய்கிறது மேல் தகடா, உள்ளே இருப்பவையா? உழைக்கிறவனை விட்டுவிட்டுச் சட்டைக்குப் பொட்டு வைத்தால் சரியா? அதனால் கரண்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தால் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். ஒரு நாள் காயவும் விட்டேன். அவ்வளவு கவனமாகச் செய்தேன். உள்ளே ஒரு பச்சைத் தகட்டின்மேல் சின்னதாக ஒரு விசிறி இருந்தது. பார்க்க அழகாக, பூ மாதிரி இருந்ததால் அதற்கு மட்டும் கொஞ்சம் பெரிய பொட்டு.

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஆமிக்காரருக்குச் சொன்னேன். வருடத்துக்கு ஒருநாள் நாங்கள் ஆயுதத்தைக் கும்பிடுவோம் என்று சொல்ல வாயெடுத்து, நல்ல காலம், பாதியில் விழுங்கிவிட்டு, வேலை செய்கிற சாமானைக் கும்பிடுவோம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் மணிக்கட்டில் பௌத்தப் பன்சலையில் கட்டிய வெள்ளை நூல் இருந்தது. பஸ்களுக்கு இப்படிப் பொட்டு வைத்திருப்பதைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சோதனை போடுகிறவர் போட வேண்டிய விதமாகவே, ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். பெரிய விசிறியைத் தட்டினார், அது சுற்றியது. பின்பக்க விசிறியைத் தட்டினார், அதுவும் சுற்றியது. அந்தப் பூ மாதிரியான விசிறியைத் தட்டினார். அசையவில்லை. மறுபடி தட்டினார்.

"மேக்க கெரக்கென்னே நே" என்றார். இது சுற்றவில்லையே என்று அர்த்தம்.

நான் வாயைத் திறந்தபடி அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாளாகத் தட்டிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன், போர்த்திப் பார்த்தேன். திறந்து பார்க்கவில்லை. நோய் எங்கே என்று எனக்குக் காட்டித் தந்தது அந்தப் பையனின் பென்சில்தான். தகட்டை மாட்டவும் அவரே பிடித்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸை மறித்து என்னை ஏற்றிவிட்டார்.

கண்டியில் இறங்கியதும் முதலில் மெசின் எண்ணெய் வாங்கினேன். கொம்பியூட்டர் எப்படிப் போனாலும் சோறு ஓட வேண்டும். பிறகு நானாவின் கடை.

அவர் பெட்டியைத் திறந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதென்னத்தெ தம்பி, இவருக்குக் கலியாணமா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, பனி, உறை. உறையைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, நல்ல தையல் என்றார். பல்பைப் பற்றியும் சொன்னேன். அப்போதுதான் அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"பொறுங்க, பொறுங்க. விசிறியக் கட்டிப் போட்டு, போர்வையும் போர்த்தி, பக்கத்துல அடுப்பும் மூட்டி வெச்சீக்கிறீங்க. இது இன்னம் உசிரோட ஈக்கிறதே பெரிய காரியம்."

அந்தப் பச்சைத் தகட்டுக்கு வீஜிஏ காட் என்று பெயர். கொம்பியூட்டர் நினைப்பதை மொனிட்டரில் படமாக வரைகிறது அதுதான். வரைய வரைய அதற்குச் சூடு ஏறும். வெளியே புசல்லாவையாக இருந்தாலும் அதன் வயிற்றுக்குள் அடுப்படிதான் என்றார். அந்தச் சூட்டை ஊதித் தள்ளத்தான் அந்தச் சின்ன விசிறி. என் சந்தனம் வழிந்து அதன் இடுப்புக்குள் இறங்கி, தூசியோடு சேர்ந்து சீமெந்து மாதிரி இறுகிவிட்டது. விசிறி நின்றதும் சூட்டில் அது வரைகிற கை தடுமாறியது. பச்சைப் புள்ளி அப்படித்தான் வந்தது.

படங்கள் அழிந்துவிட்டனவா என்று கேட்டேன். இல்லை, அவை பெட்டிக்குள் வேறொரு அறையில் பத்திரமாக இருக்கின்றன என்றார். சிடியில் போட்டுத் தருவதாகவும் சொன்னார். ஆனால் வெளியே ஸ்டூடியோவில் கொடுத்தால் திங்கட்கிழமைதான் கிடைக்கும். இந்தப் பழைய வகைக் காட் புதிதாகக் கண்டியில் இல்லை, கொழும்பிலிருந்து வர ஒரு கிழமையாவது ஆகும். ஆக, இது பிழைத்தால்தான் உண்டு.

வீஜிஏ காட்டை வெளியே எடுத்தார். அதன் ஓரத்தில் தங்க நிறத்தில் பல் வரிசை இருந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் அழிறப்பரால் அந்தப் பல்லைத் தேய்த்துத் துலக்கினார். விசிறியைக் கழற்றி, பல் குத்தும் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டினார். கடை முழுக்கக் கோயில் வாசம். எவ்வளவு சுரண்டியும் விசிறி ஒரு சுற்றுக்கு மேல் போகவில்லை. மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு வேண்டும் என்று மேசை லாச்சியைத் துழாவினார். கிரீஸ் இருந்தது, தேங்காய் எண்ணெய் இருந்தது. இரண்டும் தடிப்பு, ஆகாது என்றார்.

நான் பையிலிருந்து உங்கள் அம்மாவின் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்தேன். நானா போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத முதல்ல எடுத்தீக்கலாமே" என்றார்.

ஒரு சொட்டு. உதட்டைக் குவித்து ஊதினார். விசிறி சுற்றியது, நிற்காமல் சுற்றியது. சின்னப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் மாறி மாறி ஊதிப் பார்த்தோம்.

எல்லாவற்றையும் மாட்டிப் போட்டார். படம் வந்தது. ஆனால் முதல் இருபது நிமிடம் எப்போதும் வந்ததுதானே. உள்ளே வெந்துவிட்டதா, தப்பிவிட்டதா என்று சொல்ல ஒரே வழி, ஓட விட்டுப் பார்ப்பதுதான் என்றார். ஏதாவது ஒரு படத்தைத் திறந்து வைக்கச் சொன்னார். நான் நாற்பத்து மூன்றாவதைத் திறந்தேன்.

அந்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வெள்ளிக்கிழமை, ஜும்மா. நானா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கடையைப் பூட்டப் போகிறார், நான் வெளியே நிற்க வேண்டும் என்று எழுந்தேன்.

"நீங்க இரிங்க. நான் வார மட்டும் முகத்தப் பாத்துட்டு இரிங்க. நான் வரக்குள்ள புள்ளி இல்லாட்டி, காட் தப்பிட்டு" என்றார். கதவை முக்கால்வாசி சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கடையில் எத்தனை பேருடைய சாமான். என்னை அவருக்கு எவ்வளவு தெரியும்? பெயரும், போன் நம்பரும். ஊர் முழுக்க ஆளை ஆள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வருடங்களில், ஒரு மனுஷர் தன் கடையை என் கையில் விட்டுவிட்டுத் தொழப் போனார். இதை நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மொனிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். தங்கச்சியின் முகம், கண்டிச் சந்தையில் வாங்கிய தோடு, உங்கள் அம்மா வாரிவிட்ட தலை, நெற்றியில் பொட்டு. கண் மட்டும் பயந்திருந்தது. கெமராவைப் பார்க்கவில்லை அவள். வரிசையில் நிற்கவைத்து அட்டை கேட்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுக்கும்போது நான் இதைக் கவனிக்கவில்லை. நாற்பத்து மூன்றாவது ஆள் முடிந்தது, கெமராவைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

பத்து நிமிடம். பதினைந்து. புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பியதில் பட்டது. அழாமல் என்னை முறைத்தாள். இருபது நிமிடம் ஆனபோது கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டேன். இருபத்திரண்டாவது நிமிடம், வலது கன்னத்தில் பச்சையாக ஒரு புள்ளி.

கையை நீட்டி அந்தப் புள்ளியைத் தொட்டேன். அது பறந்துபோனது. வெளிச்சத்துக்கு வந்த ஏதோ பச்சைப் பூச்சி.

அதற்குப் பிறகு நான் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு பெண் கதவைத் தள்ளி, கடைக்காரர் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். பள்ளிக்குப் போயிருக்கிறார் என்றேன். மொனிட்டரைப் பார்த்துவிட்டு, மகளா என்று கேட்டார். தங்கச்சி என்றேன். வடிவான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானா மீன் அடைத்த இரண்டு மாலுபாண் பணிஸோடு திரும்பி வந்தார். முகத்தை உற்றுப் பார்த்தார். பெட்டிக்குள் கையை விட்டு, வீஜிஏ காட்டின் முதுகைத் தொட்டார்.

"பச்சத் தண்ணி மாதிரி ஈக்கி. கொண்டு போங்க. ஆனா தம்பி, போர்வைய மட்டும் இங்க வெச்சிட்டுப் போங்க. எங்கட வீட்டு மிக்சிக்கு அளவாத்தான் ஈக்கி."

திரும்பும்போது அதே இடத்தில் இறக்கினார்கள். அதே ஆமிக்காரர். என்னைத் திறக்கச் சொல்லவில்லை. விரலைச் சுற்றிக் காட்டி, சுற்றுகிறதா என்று கேட்டார். நானும் விரலைச் சுற்றிக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

கடைக்கு வந்ததும் உட்கார்ந்தேன். நான் அச்சடிக்க அச்சடிக்க, உங்கள் அம்மா துணி வெட்டும் கத்தரிக்கோலால் ஒவ்வொரு படத்தையும் நேராக வெட்டினாள். எண்ணெய் யாருடையது என்று நடுவில் நாலு தடவை கேட்டாள். உன்னுடையதுதான் என்று நாலு தடவையும் சொன்னேன். இருட்டுவதற்கு முன்னால் நாற்பத்து மூன்று பேரும் உறைகளில் போட்டுத் தயார். கொழுந்து நிறுக்கும் பெரியவர் அம்மை இல்லாமல் நன்றாகவே இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி கடிதத்தோடு வந்தாள். அதை நாலாக மடிக்கப் பயந்து, ஒரு பாடசாலைக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கண்டி பஸ் வந்து நின்றது, தனியாக ஏறினாள். அன்றைக்கு நான் அடித்த கடிதங்களில் பிழை நிறைய. பின்னேரம் பஸ் கடை வாசலில் மெதுவானபோது நான் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸின் அதிர்வில் மொனிட்டர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே வந்து, கதிரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டி, கடையில் நின்று நின்று கால் வலிக்கிறது என்றாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

அட்டை வரப் பல மாதங்கள் ஆயின. வந்த அன்றைக்கே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் நானாவின் கடையில் அவள் முகத்தை ஒரு மணித்தியாலம் கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்த கதையை அதற்குள் தோட்டம் முழுக்கச் சொல்லியிருந்தேன்.

"ஒரு மணித்தியாலம் பாத்தீங்களே அண்ணே. பொட்டு கோணலா இருக்கே, அது கண்ணுல படலியா?"

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். இடது புருவத்துக்கு மேலே ஏறி இருந்தது. நீங்கள் சிரித்ததும் அதைப் பார்த்துத்தான். நான் பச்சைப் புள்ளியைத்தான் தேடினேன், சிவப்புப் பொட்டைத் தேடவில்லை என்று சொன்னேன். உங்கள் அம்மா தையலை நிறுத்திவிட்டு, இந்த ஆளுக்குப் பொட்டு விசயமே சரிவராது என்றாள்.

அடுத்த வருடம் ஆயுத பூசைக்கு அத்தை லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தையல் மெசினுக்கு வைத்தாயிற்று, கத்தரிக்கோலுக்கு வைத்தாயிற்று, அம்மாவின் எண்ணெய்ப் போத்தலுக்குக்கூட ஒன்று வைத்தாயிற்று. நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொம்பியூட்டரிடம் போனேன். தங்கச்சி வந்து கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க விடுங்க அண்ணே. எங்க வைக்கணும்னும் உங்களுக்குத் தெரியல, நேரா இருக்கான்னும் தெரியல" என்றாள். பெட்டியின் வெளித் தகட்டில், சரியாக நடுவில், ஒரே ஒரு பொட்டு வைத்தாள்.